கெமண்டைனில் ஒரு கான்பெரா

ஆஸ்திரேலியாவுக்கு யார் பிரதமராக இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தவர் யாங்கோனில் எங்கள் கட்டடத்தின் நாலாவது மாடியில் குடியிருந்தார். அந்த நாட்டு மக்களுக்கு இது தெரியாது. கான்பெரா அண்ணன் காலையில் பல் துலக்கிக்கொண்டே, "இந்த ஆள் தேறமாட்டான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கொஞ்ச நாளில் அந்த ஆள் தேறாமல் போய்விடுவார். எல்லாரைப் பற்றியும் அண்ணன் அதையேதான் சொன்னார் என்பதும், அந்தச் சமயத்தில் அவர்கள் சட்டை மாற்றுவது மாதிரி பிரதமரை மாற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதும் வேறு விஷயம்.

எங்கள் பேட்டைக்குப் பெயர் க்யிம்யிண்டைங். இதைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் மூன்று தலைமுறையாக நம் ஆட்களுக்கு அது கெமண்டைன். ஆற்றோரம் படகுத்துறை, அதை ஒட்டிச் சந்தை, சந்தைக்குப் பின்னால் எங்கள் ஆறு மாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. பதினேழு குடும்பம். கீழே டோ கின் தான் என்ற பர்மிய அம்மாள் நடத்தும் டீக்கடை. அந்த அம்மாளின் டீயில் கரண்டியை நிறுத்தினால் அது நிற்கும். விழ வேண்டுமென்றால் அதுவாக யோசித்து விழ வேண்டும்.

அண்ணனின் தொழில் இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் ரிப்பேர். வெளியூர்க்காரர்களுக்கு இதன் மகிமை புரியாது. இப்போதைய யாங்கோனில் கரண்ட் என்பது மாப்பிள்ளை வீட்டார் மாதிரி. வருகிறேன் என்பார்கள், வரமாட்டார்கள். வந்தாலும் கை நனைக்காமல் கிளம்பிவிடுவார்கள். விளக்கு எரிந்தவுடன் தெருவே "மீ லா பீ!" என்று கத்தும். கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். கத்தி முடிக்கும்போது சில நாள் அது போயிருக்கும். இப்படிப்பட்ட ஊரில் இன்வெர்ட்டர் ரிப்பேர்க்காரரைப் பகைத்துக்கொண்டு ஒருவன் வாழ முடியுமா? அண்ணனுக்கு இது நன்றாகத் தெரியும்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தமிழர்கள் எல்லாரும் கான்பெரா அண்ணன் என்றார்கள். டோ கின் தான் காதில் அது "கான் பயா" என்று விழுந்தது. பர்மிய மொழியில் கான் என்றால் ஏரி, பயா என்றால் பகோடா. ஏரிக்கரையில் இருக்கும் ஏதோ புண்ணிய ஸ்தலத்தின் பெயரை இந்த மனுஷனுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஆரம்பத்தில் அவர் கடைக்குள் நுழையும்போதெல்லாம் அந்த அம்மாள் லேசாகக் கை கூப்புவார். அண்ணன் அதைத் திருத்தவில்லை. "கான்பெராவுல நடு ஊர்ல ஏரி இருக்குப்பா. அந்தம்மா சொல்றதுல என்ன தப்பு?" என்பார்.

இந்தப் பித்து அவருக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்பீர்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேற விண்ணப்பம் போட்டாராம். நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள் என்று யாரோ சொல்ல, அந்த நாட்டு அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று விளக்கும் ஒரு சின்னப் புத்தகத்தை வாங்கி, அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம் செய்தார். கூப்பிடவே இல்லை. முடியாது என்று ஒரு கடிதம் மட்டும் வந்தது.

"விசா வரலப்பா. வியாதி வந்துடுச்சு" என்று அவரே சொல்லுவார்.

முதலில் சிற்றலை ரேடியோ, பிறகு இன்டர்நெட். செய்தித் தளங்கள் பாதி இங்கே திறக்காது. குறுக்கு வழியில் போய்த் திறப்பார். பக்கத்து நாட்டுப் பெண்ணை ஒளிந்து ஒளிந்து காதலிப்பவன் மாதிரி அவ்வளவு பாடு.

ரிப்பேருக்குக் கூப்பிட்டால் உடனே வந்துவிடுவார். அதில் குறை சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் மூடியைக் கழற்றுவார். உள்ளே எட்டிப் பார்ப்பார். ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிப் பிடிப்பார். அங்கேதான் நிற்கும் வேலை.

"மணி, குவீன்ஸ்லாந்துக்கு மேல்சபையே இல்லை, தெரியுமா?"

நான் துறைமுகம் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். குவீன்ஸ்லாந்துக்கு மேல்சபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் வீட்டு ஃபேன் சுற்றினால் போதும். ஆனாலும் "அப்படியாண்ணே?" என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்காவிட்டால் ஸ்க்ரூடிரைவர் இறங்காது.

"மத்த அஞ்சு மாநிலத்துலயும் ரெண்டு சபை. இவனுங்க மட்டும் நூறு வருஷத்துக்கு முன்னாடி மேல்சபையை மூடிட்டானுங்க. ஜெயிச்சவன் வெச்சதுதான் சட்டம். பிரேக் இல்லாத வண்டி! சரி, அதை விடு. இந்த நியூ சவுத் வேல்ஸ்காரனும் விக்டோரியாக்காரனும் தலைநகரம் எனக்கு, எனக்குன்னு அடிச்சிக்கிட்டது தெரியுமா? ரெண்டு சம்பந்தி சண்டையில பொண்ணு மாப்பிள்ளையைத் தனிக்குடித்தனம் வெக்கற மாதிரி, நடுக்காட்டுல கொண்டுபோய்க் கட்டினதுதான் கான்பெரா."

ஒருமுறை என் மனைவி செல்வி, மகன் வருகிறான் என்று வஞ்சிர மீன் வாங்கி ஃப்ரிஜ்ஜில் வைத்திருந்தாள். கரண்ட் போய்விட்டது, இன்வெர்ட்டரும் படுத்துவிட்டது. அண்ணன் வந்து மூடியைக் கழற்றிவிட்டு, செனட்டில் ஒரு மசோதா இழுபறியாக நிற்பதைப் பற்றி ஆரம்பித்தார். மாநிலத்துக்குப் பன்னிரண்டு செனட்டர். உள்ளங்கை அகலம் இருக்கிற டாஸ்மேனியாவுக்கும் பன்னிரண்டு. அது நியாயமா அநியாயமா என்று இரண்டு பக்கமும் அவரே வாதாடினார். டாஸ்மேனியா பக்கம் பேசும்போது குரல் தழுதழுத்தது. செல்வி சமையலறை வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, செனட்டுல இழுபறின்னா என் மீனும் இழுபறியில நிக்கணுமா?"

"ரெண்டே நிமிஷம்மா. சுயேச்சை ரெண்டு பேரு இந்தப் பக்கம் வந்துட்டா முடிஞ்சுது."

சுயேச்சைகள் வருவதற்குள் மீன் போய்விட்டது. அன்றிலிருந்து செல்விக்கு அவரைக் கண்டால் ஆகாது. "அந்த மனுஷன் வந்தா நான் சந்தைக்குப் போயிடுவேன், சொல்லிட்டேன்" என்று அறிவித்துவிட்டாள்.

டீக்கடையில் அவருக்கு ஒரு எதிர்க்கட்சி இருந்தது. மூன்றாவது மாடி ஜெயராஜ் மாஸ்டர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவருக்கு ஆஸ்திரேலியாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. கங்காரு ஒரு பறவை இல்லை என்பது வரைக்கும் தெரியும். ஆனால் அண்ணன் எதைத் திட்டுகிறாரோ அதை ஆதரிப்பது என்று கொள்கை வைத்திருந்தார்.

"குவீன்ஸ்லாந்து செஞ்சதுதான் சரி. ஒரு சபை போதும். ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு மாமியார்?"

"மாஸ்டர், நீங்க கணக்கு வாத்தியார். அரசியல்ல தலையிடாதீங்க."

"கோடைக்காலத்துல எல்லாரும் கடிகாரத்தைத் திருப்பி வெக்கறானாம், குவீன்ஸ்லாந்துக்காரன் மட்டும் முடியாதுன்னுட்டானாமே. முதுகெலும்புய்யா!"

"முதுகெலும்பா? எல்லையில தெருவுக்கு இந்தப் பக்கம் பத்து மணி, அந்தப் பக்கம் ஒம்பது! குறுக்கே நடந்து போறவனுக்கு வயசு ஏறுமா இறங்குமா?"

இப்படி ஒரு மணி நேரம் ஓடும். சுற்றி இருக்கும் பர்மியர்கள் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அண்ணன் முக்கியமான இடங்களைப் பர்மிய மொழியிலும் ஒருமுறை சொல்லிவிடுவார். ஏன் கேட்டார்கள் என்று நான் யோசித்ததுண்டு. நாலைந்து வருஷமாக எங்கள் ஊர் டீக்கடைகளில் வாயைத் திறந்து பேசக்கூடிய விஷயங்கள் மூன்றுதான்: மழை, கால்பந்து, கொலஸ்ட்ரால். முன்பெல்லாம் மேஜைக்கு மேஜை மந்திரிசபை அமைத்த கடை அது. இப்போது, யாரோ ஒரு தூரதேசத்துப் பிரதமரை ஒரு மனுஷன் மேஜையைத் தட்டிச் சத்தம் போட்டுத் திட்டுவதைக் கேட்பதே தாகத்துக்குத் தண்ணீர் மாதிரி இருந்தது.

அண்ணனுக்கும் எல்லை தெரியும். "ஓட்டுப் போடலைன்னா அபராதம்பா அங்க! ஓட்டுப் போட்டா வாசல்லயே ரொட்டியில சாஸேஜ் வெச்சுச் சுட்டு விக்கறான்! நம்ம ஊர்ல..." என்று உற்சாகமாக ஆரம்பித்து, அப்படியே நிறுத்துவார். டீயை ஒரு வாய் குடிப்பார். "...டாஸ்மேனியாவுல பார்த்தீங்கன்னா" என்று வேறு பக்கம் திரும்பிவிடுவார். அந்த ஒரு வாய் டீக்குள் என்ன இருந்தது என்று கடையில் எல்லாருக்கும் தெரியும்.

வினை வேறு வழியாக வந்தது. கட்டடத்துக்குப் பொதுவாக ஒரு ஜெனரேட்டர் வாங்கினோம். அதன் சாவி யார் கையில் இருப்பது, யார் போட்டு யார் நிறுத்துவது என்று சண்டை. டோ கின் தான், கடை கீழே இருப்பதால் தனக்குத்தான் என்றார். ஜெயராஜ் மாஸ்டர், கணக்குத் தெரிந்தவர் கையில் இருக்க வேண்டும் என்றார். ஐந்தாவது மாடியில் குடியிருக்கும் போன் கடைக்காரன் கோ டூன், தனக்கு வயது முப்பதுதான், படியேறி இறங்க முடியும் என்றான். மூன்று நாள் மாடிப்படியில் கூச்சல்.

அண்ணன் கண்ணில் ஒரு ஒளி வந்தது. அதைப் பார்த்தவுடனேயே நான் கதவைச் சாத்தியிருக்க வேண்டும்.

"ஓட்டுப் போடுவோம். சும்மா இல்ல. விருப்ப வரிசை ஓட்டு. ஒவ்வொருத்தரும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போடணும். கடைசியா வந்தவனைத் தூக்கிட்டு, அவனோட ஓட்டை அடுத்த விருப்பத்துக்குப் பிரிச்சுக் குடுக்கணும். ஆஸ்திரேலிய முறை!"

மூன்று பேர் நின்றால் முறையின் அழகு தெரியாது என்று, நாலாவதாக என் பெயரையும் எழுதிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. ஒரு பெரிய பிஸ்கெட் டின் மூடியில் துளை போட்டார். வீட்டுக்கு ஒரு ஓட்டு. சனிக்கிழமை காலையில் மாடிப்படியில் ஸ்டூல் போட்டு, பழைய போர்வையை மறைப்பாகக் கட்டி, ஒவ்வொருவராக உள்ளே போய் எழுதினார்கள். அண்ணன் வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட லோஞ்சி லுங்கியோடு டின்னுக்குப் பக்கத்தில் நின்றார். சாஸேஜுக்கு வழியில்லாததால் 'தான் ஏ' என்ற பெயருள்ள அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, ஒரு தட்டு நிறைய பயா ஜோ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். நம்ம பருப்பு வடைதான், பர்மாவில் பெயரை மாற்றிக்கொண்டது. அக்கா பர்மியப் பெண்மணி. முப்பத்தைந்து வருஷமாக இவர் பேசும் ஆஸ்திரேலியாவில் ஒரு வார்த்தை அவருக்குப் புரிந்ததில்லை. புரியவில்லை என்று குறைப்பட்டதும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், கூச்சல் போட்ட கட்டடம் அன்று காலை கோயில் மாதிரி அமைதியாக இருந்தது. ஆறாவது மாடியிலிருந்து ஒரு பாட்டியம்மாளை இரண்டு பேர் தாங்கி இறக்கிக் கொண்டுவந்தார்கள். அவர் எழுதிப் போட்டுவிட்டு, டின்னை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

எண்ணினார்கள். டோ கின் தானுக்கு ஆறு. மாஸ்டருக்கு ஐந்து. எனக்கு நாலு. கோ டூனுக்கு இரண்டு. நான் நிம்மதியாக எழுந்தேன்.

"உக்காரு மணி! இனிமேதான் ஆட்டமே!"

கோ டூனைத் தூக்கினார். அவனுடைய இரண்டும் எனக்கு வந்தது. பிறகு மாஸ்டரைத் தூக்கினார். அவருடைய ஐந்தில் நாலு எனக்கு வந்தது. நான் பத்து, அந்த அம்மாள் ஏழு. மூன்றாவதாக வந்த நான் ஜெயித்துவிட்டேன்! அண்ணன் ஆனந்தத்தில் என்னைக் கட்டிக்கொண்டார். "பார்த்தியா? ஒருத்தனும் உன்னை ஒசந்தவன்னு நினைக்கல. ஒருத்தனும் உன்னை வெறுக்கவும் இல்ல. ஆஸ்திரேலியாவுல பிறந்திருந்தா நீ மந்திரி!"

வீட்டுக்குப் போனதும் செல்வியிடம் பெருமையாகச் சொன்னேன். நம் வீட்டு ஓட்டை அவள்தான் போட்டிருந்தாள்.

"நானும் உங்களை ரெண்டாவதாத்தான் போட்டேன்" என்றாள். "முதல் நம்பர் டோ கின் தானுக்கு. அந்தம்மா சுறுசுறுப்பு."

பத்து நாள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். பதினோராம் நாள் வார்டு ஆபீஸிலிருந்து ஆள் வந்தான். கையில் ஒரு காகிதம், அதில் ஒரு பர்மியப் பெயர். அந்தப் பெயரில் யாராவது இருக்கிறார்களா என்று மாடி மாடியாகக் கேட்டான். அண்ணன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது; மற்ற பதினாறு குடும்பமும் சத்தியமாக இல்லை என்றோம். பொய் சொல்லவில்லை. அப்படி ஒரு பெயரை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. அடையாள அட்டையில் நம் ஆட்களுக்கும் பர்மியப் பெயர்தான் என்பது அப்போது தோன்றவில்லை. கடைசியில் அவன் சலித்துப்போய், "அதாங்க, ஆஸ்திரேலியாக்காரர்!" என்றான். கீழேயிருந்து மேலே வரைக்கும் எல்லாக் கையும் நாலாவது மாடியைக் காட்டின. காட்டிய பிறகுதான் கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"ஜெயிச்சவரும் வரணுமாம்" என்றான்.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்று சிரிக்கவில்லை. அப்படிக் கூப்பிட்டுப் போனவர்களில் எல்லாரும் அன்றைக்கே வீடு திரும்பியதில்லை. செல்வி என் சட்டைப் பையில் பிரஷர் மாத்திரையை அட்டையோடு வைத்தாள். தான் ஏ அக்கா எங்களுக்குப் பின்னாலேயே நடந்து வந்து, வார்டு ஆபீஸ் எதிரில் இருந்த பெட்டிக்கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். சத்தம் போடாதவர். அது இன்னும் பயமாக இருந்தது. மேஜையில் எங்கள் பிஸ்கெட் டின். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். டீக்கடையில் அண்ணன் பேசியதையெல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் மாதக்கணக்கில் எழுதிக் கொடுத்திருக்கிறான். அங்கே பேசியது பர்மிய மொழியில். அப்படியே தமிழில் தருகிறேன்.

"விக்டோரியாவை இனிமே நம்ப முடியாதுன்னு பேசியிருக்கீங்க. யாரு அந்தப் பொம்பளை?"

"பொம்பளை இல்லைங்க. மாநிலம்."

"மாநிலத்துக்குப் பொம்பளை பேரா?"

"ராணி பேருங்க. மேல போனீங்கன்னா குவீன்ஸ்லாந்து. அதுவும் அதே ராணிதான்."

"ஒரு ராணிக்கு ரெண்டு மாநிலமா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்!" என்று அண்ணன் மேஜையைத் தட்டப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதிகாரி பக்கத்தைத் திருப்பினார். நிதானமாகப் படித்தார். "'பின்வரிசை கொதிச்சுக்கிட்டு இருக்கு. ரெண்டு வாரத்துல தலைவர் காலி.' எந்தப் பின்வரிசை? எந்தத் தலைவர்?"

நான் வாசலைப் பார்த்தேன். அண்ணனோ, ஒரு காகிதம் கிடைக்குமா என்று கேட்டார். கொடுத்தார்கள். அதில் ஆஸ்திரேலியாவை வரைந்தார். ஆறு மாநிலம், இரண்டு பிரதேசம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டசபை, அதற்கு மேல் மத்தியில் இரண்டு சபை. கட்சிக்காரர்களே ஒரு அறைக்குள் கூடித் தங்கள் பிரதமரை எப்படி இறக்குவார்கள் என்று சொன்னார். "தூங்கப் போறப்ப பிரதமரா இருப்பாருங்க. எந்திரிக்கறப்ப மாஜி." ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை என்றால் மாநிலம் மத்தியைக் காட்டும், மத்தி மாநிலத்தைக் காட்டும், நோயாளி நடுவில் படுத்திருப்பான் என்றார். செனட் ஓட்டுச்சீட்டு எவ்வளவு நீளம் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த குமாஸ்தா நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தான். வாசலில் நின்ற காவல்காரன் ஒரு அடி உள்ளே வந்தான். பயத்தில் பேசுகிறாரா, பழக்கத்தில் பேசுகிறாரா என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டரை மணி நேரம். கடைசியில் அதிகாரி முன்னால் சாய்ந்து, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்:

"அப்ப குவீன்ஸ்லாந்துல, மேல இருக்கறவன் தப்புப் பண்ணா யாருதான் தடுப்பாங்க?"

கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். குமாஸ்தா சட்டென்று குனிந்துகொண்டான்.

முப்பது வருஷமாக அண்ணன் காத்திருந்த கேள்வி அது. எத்தனையோ இன்வெர்ட்டர்களின் முன்னால் அவரே கேட்டு அவரே பதில் சொன்ன கேள்வி. அவர் வாயைத் திறந்தார். மூடினார். தரையைப் பார்த்தார்.

"தெரியலைங்க" என்றார்.

அதிகாரி நோட்டை மூடினார். இனிமேல் ஓட்டு, டின் எதுவும் கூடாது; எந்த நாட்டு அரசாங்கத்தைப் பற்றியும் பொது இடத்தில் பேசக் கூடாது. எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். டின் அங்கேயே தங்கிவிட்டது. வெளியே வந்தபோது தான் ஏ அக்கா ஸ்டூலை விட்டு எழுந்தார். அண்ணனின் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு முன்னால் நடந்தார்.

அதற்குப் பிறகு அண்ணன் ஊமையாகிவிட்டார். ரிப்பேருக்கு வந்தால் பத்து நிமிஷம், முடித்தார், போனார். இதற்குத்தானே இத்தனை வருஷம் ஏங்கினோம்? ஒருவருக்கும் சந்தோஷம் இல்லை. ஜெயராஜ் மாஸ்டர் டீக்கடையில் அவர் காதோரம் குனிந்து, "குவீன்ஸ்லாந்து மாதிரி ஒரு மாநிலம் உலகத்துல உண்டா?" என்று தூண்டில் போட்டுப் பார்த்தார். அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். மாஸ்டர் என்னிடம் வந்து கண் கலங்கினார். "ஒரு பதிலும் இல்ல மணி. நான் யாரை எதுத்துப் பேசறது?"

இந்த நிலையில்தான் மெல்பர்னில் இருக்கும் அவருடைய தங்கை மகள் சுற்றுலா விசாவுக்கு ஏற்பாடு செய்தாள். வந்தேவிட்டது. மூன்று மாதம். அப்படியே அங்கே இருக்க வழி பார்க்கலாம் என்று அவள் சொன்னதாகக் கேள்வி. அக்கா வரமாட்டேன் என்றுவிட்டார். காலையில் சாப்பிடும் மீன் நூடுல்ஸான மொஹிங்கா அந்த ஊரில் எப்படி இருக்குமோ, அதை நம்பி விமானம் ஏற முடியாதாம். மிங்கலாடோன் விமான நிலையத்துக்கு இரண்டு வேன் பிடித்துப் போய் வழியனுப்பினோம். மாஸ்டர் ஜெபம் செய்தார். டோ கின் தான் கை கூப்பினார். இனிமேல் பார்க்க மாட்டோம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

இருபத்தாறாம் நாள் மாடிப்படியில் செருப்புச் சத்தம். அண்ணன்!

நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தார். எங்கள் இன்வெர்ட்டர் மூடியை அவராகவே கழற்றினார். பொது இடத்தில் பேச மாட்டேன் என்றுதான் கையெழுத்து. மூடி திறந்திருந்தால் அது ரிப்பேர்.

"அங்க ஒருத்தனுக்கும் ஆஸ்திரேலியா தெரியலப்பா!" என்றார். "வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரன். உங்க செனட்டர் யாருன்னு கேட்டேன். கவலைப்படாதேன்னு சொல்லிட்டுப் புல்லு வெட்டப் போயிட்டான். நான் கவலைப்பட்டேன்னு எப்பப்பா சொன்னேன்? மாப்பிள்ளையைக் கேட்டா, அங்கிள், ஓட்டுப் போடலைன்னா அபராதம் வரும், அதனால போடறோம், இந்த வெங்காயத்தை நறுக்குங்கங்கறான்."

செல்வி சந்தைக்குப் போகாமல் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கான்பெராவுக்குப் போனீங்களாண்ணே?" என்று கேட்டாள்.

"போனேன். பார்லிமென்ட்டுல மேல உக்காந்து பார்க்கலாம், யாரு வேணும்னாலும்." ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "ஒருத்தன் எந்திரிச்சு பிரதமரை மூஞ்சிக்கு நேரா திட்டறான்மா. அப்படி ஒரு திட்டு. முடிஞ்சு நான் வெளிய வந்தா, அவன் காப்பி வாங்கிக் குடிச்சிக்கிட்டு நிக்கறான். தனியா. யாரும் அவன் பின்னாடி போகல. அவன் திரும்பிக்கூடப் பார்க்கல. நான் அங்கயே நின்னு அவன் காப்பி குடிச்சு முடிக்கற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

நான் கேட்டேன்.

"அங்கயே இருந்திருக்கலாமேண்ணே?"

"எப்படிப்பா இருக்கறது? இருபத்தாறு நாள்ல ஒரு தடவைகூடக் கரண்ட் போகல. என்னை யாரு கூப்பிடுவா?"

இப்போது நாங்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை. மகனோடு மிங்கலாடோன் பக்கம் வந்துவிட்டோம். இங்கே கரண்ட் பரவாயில்லை; புது இன்வெர்ட்டர் ஒரு தொந்தரவும் கொடுப்பதில்லை. போன வாரம் அண்ணனுக்குப் போன் செய்து, அது ஏதோ சத்தம் போடுகிறது என்று சொன்னேன். இரண்டு பஸ் மாறி வந்தார். மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். சப்பணம் போட்டு உட்கார்ந்து, மேற்கு ஆஸ்திரேலியா தனி நாடாகப் போகிறேன் என்று மிரட்டுவதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று ஆரம்பித்தார். சாப்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கச் சாயங்காலம் கிளம்பினார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் போய் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். செல்வி தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"அடுத்த வாரம் ஃபேன் ஓடலைன்னு சொல்லுங்க. நான் வஞ்சிரம் வாங்கி வெக்கறேன்."